கோலியாத்துக்கு வந்த ஏழாவது கடிதம்

எங்கள் ஊரில் ஒருவன் மனைவியை மாற்றலாம், போகிற தேவாலயத்தை மாற்றலாம், ஓட்டுப் போடுகிற கட்சியைக்கூட மாற்றிவிட்டுத் தலைநிமிர்ந்து நடமாடலாம். ஓட்டுகிற பிக்கப் வண்டியின் கம்பெனியை மட்டும் மாற்றக்கூடாது. அப்படி மாற்றியவன் ஒருத்தன் இருந்தான். இப்போது கன்சாஸில் இருக்கிறான் என்று கேள்வி.

நான் கோலியாத் கம்பெனி வண்டிக்காரன். என் அப்பாவும் கோலியாத்காரர். பின் அச்சில் நான்கு டயர், பின்பெட்டியின் நடுவில் டிரெய்லர் கொக்கி, நின்றாலே அதிர்கிற டீசல் இன்ஜின். வைக்கோல் கட்டு, தீவனம், மாடு, யார் எதைக் கொடுத்தாலும் கூலிக்கு இழுத்துக்கொண்டு போவது என் தொழில். எனக்கு எதிர் நாற்காலியில் உட்காரும் எலாய் பாக்கா சாம்சன்காரன். கிணறுகளுக்கு மோட்டார் இறக்கி ஏற்றுகிறவன். பக்கத்தில் பர்ல் ஹாக்கெட், கிரேஹாக் வண்டி. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்குக் குழாய் ஏற்றிப் போகிறவன். மூன்று பேரும் காலை ஆறரைக்கு ரோவீனாவின் கடையில் கூடிவிடுவோம். யார் வண்டி அதிகம் இழுக்கும் என்பது பேச்சு. முப்பது வருஷமாக அதே பேச்சு. உண்மையைச் சொன்னால் அந்த வண்டிகள் தினமும் தவறாமல் இழுத்த கனமான சாமான் எங்கள் மூன்று பேருடைய தொப்பைதான்.

ரோவீனாவின் கடையில் இரண்டு விஷயம் எங்களுக்குச் சாசனம். ஒன்று, மேஜை மேல் இருக்கும் பல்குத்தும் குச்சிக் குப்பி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு குச்சியை உருவி வாயோரத்தில் செருகிக்கொள்வோம்; அது மதியம் வரை அங்கேயே கிடக்கும். வாயில் குச்சி ஏறிவிட்டால் ஆள் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். ரோவீனா அப்புறம் காப்பி ஊற்ற வரமாட்டாள்.

இன்னொன்று சுவரில் இருக்கும் பலகை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வண்டியில் ஏதாவது கோளாறு என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் கடிதம் போடுவான். கொண்டு வா, இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்பான். இதற்கு ரீகால் என்று பெயர். எல்லாக் கடிதமும் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை' என்று ஆரம்பிக்கும். மூன்றாவது பத்தியில், சில அரிய சூழ்நிலைகளில் வண்டி பற்றி எரியலாம் என்று வரும். எரியலாம் என்று நேராகச் சொல்லமாட்டான். 'வெப்ப நிகழ்வு ஏற்படலாம்' என்பான். கல்யாண வீட்டில் ஏதோ விசேஷம் நடக்கப் போகிற மாதிரி இருக்கும் படிப்பதற்கு. போன வருஷம் பர்லுக்கு அப்படி ஒன்று வந்தது. வண்டியைக் கட்டடங்களிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்தவும் என்று எழுதியிருந்தது. பர்ல் கொண்டுபோய் மாமியாருடைய வைக்கோல் கொட்டகை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தான். என்னடா இது என்று கேட்டதற்கு, "என் கட்டடத்துலேர்ந்து தள்ளித்தானே இருக்கு?" என்றான்.

இந்தக் கடிதங்களைத்தான் பலகையில் குத்துவோம். மூன்று கம்பெனிக்கும் மூன்று பத்தி. நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முதல் நாள் எண்ணிப் பார்ப்போம். எவன் கம்பெனிக்குக் கடிதம் குறைவோ அவனுக்குப் பரிசு. வளைந்துபோன பழைய இழுவைக் கொக்கி ஒன்று, அதற்கு ரோவீனா தங்க நிறப் பெயின்ட் அடித்திருக்கிறாள். அதை ஒரு வருஷம் முழுக்க வண்டியின் முன்னால் தொங்கவிட்டுக்கொள்ளலாம். காகிதமாக வந்தால்தான் கணக்கு, போனில் பார்த்தது செல்லாது என்பது பர்ல் போட்ட விதி. அவனுடைய போனில் பேச மட்டும்தான் முடியும். அவரவருக்கு வந்ததை அவரவரே கொண்டுவந்து குத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. கௌரவத்தை நம்பி நடத்துகிற போட்டி. கௌரவம் எங்களிடம் எவ்வளவு இருந்தது என்பதை இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டு வருஷம் தொடர்ந்து அந்தக் கொக்கி என்னிடம்தான் இருந்தது. இந்த வருஷம் ஆகஸ்ட்டில் கணக்கு இப்படி: கோலியாத் ஆறு, சாம்சன் ஏழு, கிரேஹாக் ஒன்பது. அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேலேயே சிவப்புக் கட்டம் கட்டி, முக்கியமான பாதுகாப்புத் தகவல் என்று அச்சடித்திருந்தார்கள். குத்தினால் எலாயோடு சமம். நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காத உறை கடிதமே ஆகாது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டு, குளிர்பெட்டியின் மேல், பழைய காலண்டருக்கு அடியில் செருகிவிட்டேன். என் மனைவி வில்மா பார்த்தாள். பிரித்தாவது பார்க்கக்கூடாதா என்று கேட்டாள். ஒரு ரேடியோவோ கண்ணாடி துடைப்பானோ இருக்கும், நன்றித் திருநாள் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், அவள் கொரியாக்காரன் செய்த சின்னக் காரை ஓட்டுகிறவள்.

செப்டம்பர் முதல் வாரம் அந்த வண்டியை விற்றேன். புதுக் கோலியாத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வாங்கியது மேவிஸ் டல்லி.

மேவிஸுக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்துப் பண்ணை. அவள் கணவன் ஓட்டிஸ் இரண்டு வருஷம் முன்பு காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டான். கட்டிலை விட்டு எழுவதில்லை. அதற்குப் பிறகு அவள் மாடு ஏற்றிப் போகிற வேலையில் இறங்கினாள். ஊரார் மாடுகளை வாரம் மூன்று நாள் கால்டன் சந்தைக்கு இழுத்துப் போவாள். எங்களில் யாரையும்விட அதிக மைல் ஓட்டுகிறவள் அவள்தான். எங்கள் மேஜைக்கு அவளை நாங்கள் கூப்பிட்டதில்லை. பெண்களுக்கு இடமில்லை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆனால் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் காலையில் கடையைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். அது எனக்கு. நானும் ஜன்னலோரமாகக் கையைத் தூக்குவேன். மற்ற இருவரும் பார்க்கிறார்களா என்று கவனித்துவிட்டுத்தான் தூக்குவேன். ஊரில் என்னை மதிக்கிற ஜீவன் ஒன்று உண்டு என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே.

விற்கிற அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை. பானெட்டைத் திறந்து காட்டினேன், டயரை உதைத்துக் காட்டினேன். இந்த வண்டியில் ஒரு குறை கிடையாது, எனக்குக் காசு முக்கியமில்லை, உன் பாதுகாப்புதான் முக்கியம் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கேட்டாள். எண்ணெய் மாற்றும்போது மலிவான எண்ணெய் ஊற்றாதே என்று சொன்னேன். கை குலுக்கினோம். அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வந்தது. ஒரு ரேடியோவுக்காக எதற்கு வியாபாரத்தைக் குழப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

புது வண்டி வரவில்லை. அதாவது வந்துவிட்டது, அமரில்லோவில் டீலர் வளாகத்தில் நிற்கிறது, கொடுக்கத்தான் முடியாது என்றார்கள். பிரேக் சம்பந்தமாக ஏதோ பெட்டியை மாற்றும்வரை புதுக் கோலியாத் எதையும் வெளியே விடக்கூடாதாம். இது போனில் சொன்னதுதான், காகிதம் இல்லை, ஆகவே கணக்கில் வராது என்று சந்தோஷப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆறு வாரமாக வில்மாவின் சின்னக் காரில் போய்க் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி மறைவில் நிறுத்திக்கொண்டிருந்தேன். எலாய் தினமும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாவம் அதுக்கு ஒரு சேணம் போடுடா என்பான்.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாளாக விடாமல் மழை பெய்து அன்று விடியலில்தான் நின்றிருந்தது. ஏழு மணி சுமாருக்கு மேவிஸ் கடையைத் தாண்டினாள். பின்னால் நீள டிரெய்லர், உள்ளே பன்னிரண்டு கிடேரிகள். இரண்டு ஹாரன். நான் கையைத் தூக்கினேன். ரோவீனா எனக்கு நான்கு பேன்கேக் கொண்டுவந்து வைத்தாள்.

எலாய் அன்று கொஞ்சம் தாமதமாக, முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான். லபக்கில் இருக்கும் அவன் மருமகன் கோலியாத் ஓட்டுகிறவன். மகள் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அது என்று எலாய் எல்லோரிடமும் சொல்வான். அந்த மருமகனுக்கு ஆகஸ்ட்டில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. நேற்றுத்தான் பேச்சுவாக்கில் சொல்லி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். எலாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தான். டிரெய்லர் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் ஈரம் இறங்கலாம். இறங்கினால், டிரெய்லர் இணைந்திருப்பதாக ஓட்டுகிறவர் எதிரே பச்சை விளக்கு எரியும். ஆனால் டிரெய்லரின் பிரேக் பிடிக்காமல் போகலாம். சரிசெய்யும்வரை வண்டியில் எதையும் இழுக்க வேண்டாம். கீழே எந்தெந்த வருஷத்து வண்டிகள் என்று பட்டியல். என் வருஷம் நடுவில் இருந்தது.

எலாய் கண்ணாடியைக் கழற்றினான். "உனக்கும் வந்திருக்கணுமேடா."

"வரல" என்றேன்.

"ஆகஸ்ட்ல வண்டி உன் பேர்லதான் இருந்துச்சு."

"தபால்காரம்மாவப் போய்க் கேளு. எனக்கு வரல."

பர்லுக்கு ஒரே குஷி. ஏழுக்கு ஏழு, சமம், கொக்கியை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுக்கலாம் என்றான். காகிதம் எங்கே, காகிதம் இல்லாமல் கணக்கு எப்படி என்று நான் வாதாடினேன். நன்றாகத்தான் வாதாடினேன். வாதாடிக்கொண்டே பேன்கேக்கை வெட்டினேன்.

அப்போதுதான் பன்னிரண்டு கிடேரிகள் ஞாபகம் வந்தன.

கால்டனுக்குப் போகிற வழியில் நாற்பதாவது மைலில் செம்மண் இறக்கம் இருக்கிறது. எங்கள் மேட்டுநிலம் சட்டென்று முடிந்து, சாலை மூன்று மைல் சரிந்து ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கும். அதில் லோடோடு இறங்குகிறவன் டிரெய்லர் பிரேக்கை நம்பித்தான் இறங்குவான். அது பிடிக்காவிட்டால் பின்னால் இருக்கிற ஏழு டன்னும் வண்டியை முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் ஒரு வளைவு; வளைவில் ஒரு பாலம். அங்கே செத்தவர்களுக்காக நட்ட சிலுவைகள் நான்கு.

இது எல்லாம் எனக்கு ஒரே நொடியில் தெரிந்தது. அப்படியானால் அதே நொடியில் எழுந்திருக்க வேண்டும், இல்லையா? நான் எழுந்திருக்கவில்லை. என் உறைக்குள் இருப்பது வேறு கடிதமாக இருக்கலாம் என்று நினைத்தேன். பெட்டிக்குள் ஈரம் இறங்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறான், இறங்கும் என்று எழுதவில்லையே என்று நினைத்தேன். இப்போது சொன்னால் ஒரு நிமிஷம் முன்பு சொன்ன பொய் வெளியே வரும்; மூன்றாவது வருஷக் கொக்கி போகும்; பர்ல் சாகும்வரை இதைச் சொல்லிச் சிரிப்பான் என்றும் நினைத்தேன். இவ்வளவையும் நினைத்துக்கொண்டு பேன்கேக் மேல் இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றிக்கொண்டேன். தட்டு காலியானது. பழக்கதோஷத்தில் ஒரு குச்சியை உருவி வாயில் செருகினேன். சுவர்க்கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் போயிருந்தது.

"அந்த லெட்டர் எங்கிட்ட இருக்கு" என்றேன்.

பர்ல் மேஜையைத் தட்டிச் சிரித்தான். எழுந்து பலகையிலிருந்து குண்டூசியே எடுத்துவிட்டான். எலாய் சிரிக்கவில்லை.

"அந்த வண்டி இப்ப மேவிஸ்கிட்டல்ல இருக்கு" என்றான்.

குண்டூசியோடு பர்ல் அப்படியே நின்றான். ரோவீனா காப்பிக் கூஜாவை வைத்துவிட்டு மேவிஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஓட்டும்போது மேவிஸ் போன் எடுக்கமாட்டாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் விதிப்படி ஓட்டுகிற ஒரே ஆள் அவள்.

"எந்திரி கண்ணு" என்று ரோவீனா என்னிடம் சொன்னாள். எல்லோரையும் அவள் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அந்தச் சொல்லில் கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை.

வில்மாவின் காரில் போனால் கிடேரிகள் சந்தையில் விலைபோன பிறகுதான் போய்ச் சேருவோம். எலாய் சாவியை எடுத்தான். நான் முதன்முதலாக ஒரு சாம்சனுக்குள் ஏறி உட்கார்ந்தேன். சீட் நன்றாக இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல். வேகமுள் தொண்ணூற்றைந்து மைலைத் தொட்டது. வழியெல்லாம் சாலையோரப் பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு பள்ளத்தையும் பார்க்கிறபோது, ஈரம் இறங்கலாம், ஈரம் இறங்கலாம் என்று எலாயின் வேதக் குரல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எலாய் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் பிரிக்கவே இல்லடா" என்றேன். "உள்ள என்ன இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"பெல்ட்டப் போடு" என்றான். "அதுக்கும் ஒரு ரீகால் வந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"நீ எல்லாத்தையும் சரி பண்ணுவியா?"

"பின்ன? லெட்டர் வந்தா மொதல்ல டீலர்கிட்ட போவேன். அப்புறமாத்தான் பலகையில குத்துவேன். நீங்க ரெண்டு பேரும் பலகையில குத்துனாலே வண்டி சரியாயிடும்னு நெனச்சுட்டிருக்கீங்க. நீ அதக்கூட செய்யல."

முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், இதை ஒருநாளும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் விவாதம் வண்டியைப் பற்றியது என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

முப்பத்தெட்டாவது மைல், முப்பத்தொன்பது. மேடு முடிகிற இடம் தெரிந்தது. சாலையில் அவள் வண்டி இல்லை. நான் கடவுளிடம் பேசினேன். கொக்கியை எடுத்துக்கொள் என்றேன், பலகையை எடுத்துக்கொள், புது வண்டியை எடுத்துக்கொள், அதை நானே இன்னும் பார்க்கவில்லை, எடுத்துக்கொள் என்றேன். என் பயத்தைப் பற்றிக் கிண்டலாகத்தான் சொல்ல வருகிறது. ஆனால் அந்த ஒரு மைல் தூரம் நான் அழுதுகொண்டிருந்தேன்.

இறக்கத்தின் தலைப்பில் லோடு வண்டிகள் நின்று பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுப் போவதற்கென்று சாலையோரமாக ஒரு ஒதுக்கிடம் உண்டு. அறிவிப்புப் பலகையும் உண்டு. நாங்கள் யாரும் அங்கே நின்றதில்லை; நிற்பவர்களைப் பார்த்தால் ஹாரன் அடித்துக் கேலி செய்வது வழக்கம். என் பழைய கோலியாத் அங்கே நின்றுகொண்டிருந்தது. கிடேரிகள் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மேவிஸ் ஒரு கட்டையால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். அறுபத்துமூன்று வயதில், நான்கு பேன்கேக்கோடு, சேற்றில் ஓடினேன். இறங்காதே மேவிஸ், பிரேக் பிடிக்காது, பச்சை விளக்கை நம்பாதே என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கடிதம், ஆகஸ்ட், குளிர்பெட்டி, காலண்டர், எல்லாம் தலைகீழ் வரிசையில் வந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு கட்டையைக் கீழே வைத்துவிட்டு, முன் கதவைத் திறந்து, சீட்டுக்கு முன்னால் இருக்கிற பெட்டியிலிருந்து ஒரு ரோஜா நிறக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். அமரில்லோ டீலரின் வேலைச் சீட்டு. பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றப்பட்டது, கட்டணம் இல்லை. தேதி, செப்டம்பர் பன்னிரண்டு. நான் விற்று ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"வாங்குறதுக்கு மொத நாளே நூலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர்ல வண்டி நம்பரப் போட்டுப் பாத்தேன்" என்றாள். "ஒரு நிமிஷம்கூட ஆகல. அப்படியே வந்து நின்னுச்சு."

"தெரிஞ்சுமா வாங்கின?"

"சரி பண்ணக்கூடியதுதானே. அரை நாள் வேல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, மேவிஸ்."

"கேட்டேனே. வேற ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். எண்ணெயப் பத்திச் சொன்னீங்க."

எலாய் தன் வண்டியோரமே நின்றுவிட்டான். மாடு ஒன்று காலை உதறியது. நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு வாரமா போகும்போதெல்லாம் ஹாரன் அடிக்கிறேன்" என்றாள். "ஒரு நாளாவது எந்திரிச்சு வெளிய வந்து சொல்வீங்கன்னுதான். கையத் தூக்கிக் காட்டுனீங்க. அந்தக் கொக்கிக்காகவா, டெல்மர்?"

இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். இது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது, காலையில் எலாய் வாசித்தபோதுதான் தெரிந்தது, கேட்ட உடனே எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போட்டுவிட்டு ஓடி வந்தேன் என்றேன். அதில் முக்கால்வாசி உண்மை. அவள் முகம் கொஞ்சம் இளகியது. நான் பார்த்தேன், இளகியது. ஒரு அடி கிட்டே வந்தாள். என் தோளைத் தொடப் போகிறாள் என்றே நினைத்தேன்.

பிறகு அவள் பார்வை என் வாயோரத்தில் நின்றது.

"ரோவீனா கடைக் குச்சியா அது?" என்றாள்.

நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். அங்கேதான் இருந்தது. நாற்பது மைலாக மென்றுகொண்டு வந்திருக்கிறேன்.

"சாப்பிட்டு முடிச்சவங்கதானே அத எடுப்பாங்க, மிஸ்டர் ஸ்ட்ரவுட்."

இருபது வருஷப் பழக்கத்தில் அவள் என்னை மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. வங்கிக்காரனையும் வரி அதிகாரியையும்தான் எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிடுவார்கள். சீட்டை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, பழையபடி பெட்டிக்குள் வைத்தாள். ஏறிக் கதவைச் சாத்தினாள். வண்டி மெல்ல நகர்ந்து இறக்கத்தில் இறங்கியது. டிரெய்லரின் சிவப்பு விளக்குகள் எரிவதும் அணைவதுமாக, பன்னிரண்டு கிடேரிகளும் ஆடாமல் அசையாமல், பாலம் வரைக்கும் அழகாகப் போனது. என் பழைய வண்டி அவ்வளவு நன்றாக இறங்கி நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது எலாய் ஒன்றே ஒன்று கேட்டான், குச்சியைத் துப்பிவிட்டாயா என்று. துப்பிவிட்டேன் என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கடிதத்தைப் பிரித்தேன். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை' என்று ஆரம்பித்தது. மேவிஸிடம் வண்டியை விற்றபோது நான் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். ஆனால் கம்பெனிக்காரன் அதைச் சொல்லிவிட்டு, தபால்தலை ஒட்டி, மிச்சத்தையும் எழுதி அனுப்பியிருந்தான். எத்தனை வருஷமாக இந்தக் கடிதங்களைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கொண்டுபோய்ப் பலகையில் குத்தினேன். ஏழுக்கு ஏழு. நன்றித் திருநாளுக்கு முதல் நாள் யாரும் எண்ணவில்லை. பழைய வண்டியை விற்றபோது நான் கழற்றிக் கொடுத்த கொக்கி கடைச் சுவரில் ஆணியிலேயே தொங்குகிறது. ரோவீனா அதில் கைத்துடைக்கும் துணியைக் காயப்போடுகிறாள். புது வண்டி வந்துவிட்டது. அதற்கும் ஒரு கடிதம் வந்தது, அன்றைக்கே டீலரிடம் போய்ச் சரிசெய்துகொண்டேன். பர்ல் என்னைப் பார்த்து, வயசானதும் பயந்துட்டான் என்கிறான்.

மேவிஸ் வாரம் மூன்று நாள் கடையைத் தாண்டிப் போகிறாள். நான் ஜன்னலோரம் அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன், அவள் டிரெய்லர் தெரிந்ததும் கையைத் தயாராக வைத்துக்கொள்கிறேன். வண்டி சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. அந்த வண்டியின் ஹாரன் நன்றாகத்தான் இருக்கிறது. நூலகத்துக்குப் போய் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதற்கு ரீகால் எதுவும் இல்லை.